வாக்கியம் செய்யும் வேலை: அறவண அடிகளும் ஸ்டீபன் டூல்மினும்

போட்டித் தேர்வுக்குப் படித்த யாருக்கும் 'கூற்று, காரணம்' வகைக் கேள்வி மறக்காது. இரண்டு வாக்கியங்கள் இருக்கும். இரண்டும் சரியா என்பதோடு கேள்வி நின்றுவிடாது. சரி என்றால், இரண்டாவது முதலாவதை விளக்குகிறதா என்றும் கேட்கும். பாடத்தைக் கரைத்துக் குடித்தவர்களே இந்த இடத்தில் மதிப்பெண்ணை விடுகிறார்கள். இரண்டும் உண்மை என்று தெரிந்த மாத்திரத்தில் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று கை குறித்துவிடுகிறது. சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்விலும், அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்விலும் இதே சோதனை இன்னும் கடினமாக வரும். ஒரு பத்தியைக் கொடுத்து, அதில் ஒரு வாக்கியத்தைச் சுட்டிக்காட்டி, வாதத்தில் அது என்ன வேலை செய்கிறது என்பார்கள். அதுதான் முடிவா, முடிவுக்கு ஆதாரமா, எதிராளியின் கருத்தா, ஒப்புக்கொண்டு ஓரமாக வைக்கும் விஷயமா? வாக்கியம் உண்மையா பொய்யா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இந்த வேலைப் பிரிவினையை வகுத்துச் சொன்ன இரண்டு ஏற்பாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில், காஞ்சியில், பௌத்தத் துறவி அறவண அடிகள் நாயகி மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுப்பது. மற்றது, பிரிட்டிஷ் தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் 1958இல் வெளியிட்ட 'தி யூசஸ் ஆஃப் ஆர்க்யுமென்ட்' நூலில் வரைந்துகாட்டியது. இரண்டுக்கும் நடுவே ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் கிடக்கின்றன. ஆனாலும் இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன: எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு வாக்கியம் அவருடைய எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததோ, அதுதான் அதன் வேலை. தேர்வறையில் இதை நினைவில் வைத்துக்கொள்பவருக்கு, 'ஆகவே', 'ஏனெனில்' என்ற அடையாளச் சொற்களைத் தேடி அலையும் வேலை பாதி குறைந்துவிடும்.

இரண்டையும் உரசிப் பார்க்க ஒரு நிஜ வாதம் வேண்டும். லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ முன்வைத்ததை எடுத்துக்கொள்கிறேன். 1854 ஆகஸ்ட் 31 இரவு, லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. பத்து நாளைக்குள் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அழுகல் நாற்றம் கலந்த கெட்ட காற்றுதான் காலராவைப் பரப்புகிறது என்பது அன்றைய மருத்துவ உலகின் நம்பிக்கை. ஸ்னோ அதை ஏற்கவில்லை. 1855இல் விரிவாக்கி வெளியிட்ட தம் நூலில் அவர் வைத்த வாதத்தை என் சொற்களில் சுருக்கித் தருகிறேன்.

பிராட் தெருப் பம்பின் தண்ணீர்தான் இந்தச் சாவுகளுக்குக் காரணம். பதிவான 83 சாவுகளில் 73 அந்தப் பம்புக்கு அருகில் இருந்த வீடுகளில் நடந்தன; அவர்களில் 61 பேர் அந்தத் தண்ணீரைக் குடித்துவந்தவர்கள். மீதி 10 பேர் வேறு பம்புகளுக்கு அருகில் இருந்தவர்கள். ஆனால் அவர்களில் 5 பேரின் வீட்டார் பிராட் தெருத் தண்ணீரையே விரும்பி எடுத்துவரச் செய்தவர்கள், 3 பேர் அந்தப் பம்புக்கு அருகில் இருந்த பள்ளிக்குப் போன குழந்தைகள். தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு விதவை, அந்தத் தண்ணீரின் சுவையை விரும்பி வண்டியில் வரவழைத்துக் குடித்தார். அவரும் காலராவில் இறந்தார். பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த மதுவடிப்பு ஆலையில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவரும் காலராவில் சாகவில்லை. அவர்களுக்குக் குடிக்க மது கிடைத்தது, ஆலைக்குச் சொந்தக் கிணறும் இருந்தது. அருகில் போலந்து தெருவின் ஏழையர் விடுதியில் 535 பேர். அங்கும் சொந்தக் கிணறு. இறந்தவர்கள் 5 பேர்தான்.

இதில் மதுவடிப்பு ஆலையைப் பற்றிய வாக்கியத்தைச் சுட்டிக்காட்டி, இது என்ன வேலை செய்கிறது என்று கேட்டால், முதல் முறை படிப்பவர்களில் பலர் 'ஸ்னோவின் முடிவுக்கு எதிரான சான்று' என்பார்கள். பம்பின் பக்கத்திலேயே இருந்தும் சாகவில்லையே! வாக்கியத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இந்தக் குழப்பத்தை நம் இரண்டு ஆசிரியர்களும் எப்படித் தீர்க்கிறார்கள் என்று பார்க்கலாம்.

முதலில் காஞ்சிக்குப் போவோம். மணிமேகலை ஏற்கெனவே வஞ்சியில் பல சமயவாதிகளிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டு, ஒன்றிலும் மனம் தங்காமல் வருகிறாள். அறவண அடிகள் அறத்தைச் சொல்வதற்கு முன் அளவையைச் சொல்கிறார். காவியத்தின் நாயகி துறவு பூண்ட உடனே கேட்கும் முதல் பாடம் தருக்கம். நம் இலக்கியத்தில் இதற்கு இணையான இன்னொரு காட்சியை என்னால் காட்ட முடியவில்லை. உண்மையை அறிய வஞ்சியின் அளவைவாதி பத்து வழிகளை அடுக்கியிருந்தான். அடிகள் அவற்றை இரண்டாகக் குறைக்கிறார்: நேரே காண்பது, கண்டதைக் கொண்டு கருதுவது. கருதுவதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது ஐந்து உறுப்புகள் வரும்: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம்.

எடுத்துக்காட்டு, தருக்கம் படித்த எல்லோருக்கும் பழகிய மலையும் நெருப்பும்தான். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். அங்கே புகை தெரிவது ஏது. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பதற்கு அடுக்களையைக் காட்டுவது திட்டாந்தம். இந்த மலையிலும் அதே புகை உண்டு என்று பொருத்துவது உபநயம். ஆகவே மலையில் நெருப்பு உண்டு என்று முடிப்பது நிகமனம். ஒரு ஊர்ப் பஞ்சாயத்தில் நடக்கும் உரையாடலாக இதைக் கேட்டால் உறுப்புகளின் வேலை விளங்கிவிடும். என்ன சொல்ல வருகிறாய்? எதை வைத்துச் சொல்கிறாய்? அப்படி வேறு எங்கே கண்டாய்? அது இங்கேயும் பொருந்துமா? சரி, அப்படியானால் என்ன? ஐந்து கேள்வி, ஐந்து பதில். தருக்க நூலான நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், இன்னும் ஐந்து சேர்த்துப் பத்து உறுப்பு சொன்னவர்களும் உண்டு என்று குறிப்பிடுகிறார். அறிய வேண்டும் என்ற ஆவல், ஐயம் போன்றவற்றையும் அவர்கள் உறுப்பாக எண்ணினார்கள். அவை வாதத்துக்கு முன் மனத்தில் நடப்பவை, வாதத்தின் பகுதி ஆகா என்று அவர் தள்ளிவிடுகிறார். வாக்கியத்துக்கு வேலை வகுப்பது எவ்வளவு பழைய சர்ச்சை என்பதற்கு இது ஒரு அடையாளம்.

அடிகள் ஐந்தோடும் நிற்கவில்லை. பௌத்த தருக்க ஆசிரியர் திங்நாகரின் மரபைப் பின்பற்றி, கடைசி இரண்டையும் திட்டாந்தத்துக்குள் அடக்கி மூன்றாக்குகிறார். மலையிலும் புகை உண்டு என்று மறுபடி சொல்வதும், ஆகவே நெருப்பு உண்டு என்று மறுபடி சொல்வதும் புதிதாக எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை என்பது இதன் உட்கருத்து. இந்தக் காதைக்கும், திங்நாகர் மரபில் சங்கரசுவாமி எழுதிய 'நியாயப்பிரவேசம்' என்ற சமஸ்கிருத நூலுக்கும் உள்ள ஒற்றுமை அறிஞர்கள் வெகுகாலமாகப் பேசிவருவது. 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் சீனத்தில் மொழிபெயர்த்த அதே சிறு நூல்தான். மணிமேகலையின் காலத்தைப் பற்றிய சண்டையில் பாதி இந்த ஒற்றுமையால் வந்தது. அதற்குள் நான் போகவில்லை.

நமக்கு முக்கியம், திட்டாந்தத்துக்குள் அடிகள் வைக்கும் இரண்டு அறைகள். ஏது இருக்கும் இடத்தில் முடிவும் இருப்பதைக் காட்டுவது ஒன்று: அடுக்களை. முடிவு இல்லாத இடத்தில் ஏதுவும் இல்லை என்று காட்டுவது மற்றது: நெருப்பு இல்லாத தண்ணீரில் புகையும் இல்லை. ஒத்த எடுத்துக்காட்டு, ஒவ்வா எடுத்துக்காட்டு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மதுவடிப்பு ஆலை இந்த இரண்டாவது அறையில் அப்படியே வந்து உட்காருகிறது. சாவு இல்லாத இடம். அந்தத் தண்ணீரைக் குடிப்பதும் இல்லாத இடம். எதிர்ச் சான்று போல் தோன்றிய வாக்கியம் ஸ்னோவின் வலுவான ஆதாரங்களில் ஒன்றாகிவிடுகிறது. 'பம்புக்கு அருகில் இருத்தல்' என்பதை ஏது என்று வாசகர் தவறாக எடுத்துக்கொண்டதால்தான் முதலில் குழப்பம் வந்தது. 'பம்பின் தண்ணீரைக் குடித்தல்' என்று ஏதுவைச் சரியாகப் பிடித்தவுடன் ஆலையின் வேலை மாறிவிட்டது. ஹாம்ப்ஸ்டெட் விதவை ஒத்த எடுத்துக்காட்டு. அதிலும் சோஹோவின் காற்றுக்கு எட்டாத இடத்தில் கிடைத்தது. இந்த இரண்டையும் ஒருசேர வைத்தால் காற்றும் தண்ணீரும் தனித்தனியே பிரிந்துவிடுகின்றன. காற்று இருந்தும் சாவு இல்லை ஒரு பக்கம், காற்று இல்லாமலே சாவு மறுபக்கம்.

இப்போது டூல்மின். 1922இல் பிறந்து 2009இல் மறைந்தவர். கேம்பிரிட்ஜில் விட்கென்ஸ்டைனிடம் பயின்றவர். தருக்கம் கணிதத்தைப் போல ஆகிவிட்டது, மனிதர்கள் உண்மையில் வாதாடும் முறையை அது மறந்துவிட்டது என்பது அவருடைய கவலை. அவர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது நீதிமன்றத்தை. அங்கே ஒரு கோரிக்கை எழுகிறது, அதற்கு ஆதாரம் கேட்கப்படுகிறது, எந்தச் சட்டப்படி என்று கேட்கப்படுகிறது, விதிவிலக்கு உண்டா என்று பார்க்கப்படுகிறது. அவருடைய புகழ்பெற்ற உதாரணத்தில் ஹாரி என்று ஒருவர் வருகிறார். ஹாரி பெர்முடாவில் பிறந்தார், இது தரவு. ஹாரி பிரிட்டிஷ் குடிமகன், இது முடிவு. பெர்முடாவில் பிறந்தவர் பொதுவாக பிரிட்டிஷ் குடிமகன் ஆவார். இது தரவிலிருந்து முடிவுக்குப் போக அனுமதிக்கும் விதி. குடியுரிமைச் சட்டங்கள் அந்த விதிக்கு முட்டுக்கொடுக்கின்றன. முடிவோடு 'அநேகமாக' என்று சேர்ப்பது உறுதியின் அளவு. பெற்றோர் இருவரும் அந்நியர்களாகவோ, அவரே அமெரிக்கக் குடிமகனாகிவிட்டவராகவோ இல்லாவிட்டால் என்பது கடைசி உறுப்பு. இலக்கண நூல்களில் பழகிய நமக்கு அதைப் புறனடை என்று சொல்வது பொருந்தும்.

பிரிட்டனின் தருக்கவாதிகள் இந்த நூலை வரவேற்கவில்லை. அமெரிக்காவில் பேச்சுக்கலையும் கட்டுரை எழுத்தும் கற்பித்தவர்கள்தான் அதைத் தூக்கிப்பிடித்தார்கள். 1960இலேயே வெய்ன் பிராக்ரீடும் டக்ளஸ் எனிங்கரும் வாதம் கற்பிக்கும் கருவியாக அதை அறிமுகப்படுத்தினார்கள். இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் வாதக் கட்டுரை பயிலும் மாணவர்களில் பெரும்பாலோர் டூல்மினின் பெயரைக் கேட்டிருப்பார்கள். அறவண அடிகளின் பெயரைத் தமிழ்நாட்டில் வாதக் கட்டுரை பயிலும் மாணவர் அந்த இடத்தில் கேட்பதில்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

டூல்மினின் ஆறு உறுப்புகளும் கேள்விகளாகப் பிறந்தவைதான். நீ எதை வைத்துப் பேசுகிறாய் என்ற கேள்வி தரவைக் கொண்டுவருகிறது. அங்கிருந்து இங்கே எப்படி வந்தாய் என்ற கேள்வி விதியைக் கொண்டுவருகிறது. தரவு வெளிப்படையாகச் சொல்லப்படும், விதி பெரும்பாலும் சொல்லப்படாமல் மறைந்திருக்கும் என்றும் அவர் சொல்கிறார். தேர்வுப் பத்திகளில் மாணவர்கள் திணறும் இடம் இதுவே: வாதம் எந்த வாக்கியத்தின் மேல் நிற்கிறதோ அது பத்தியில் எழுதப்பட்டிருக்காது.

இரண்டையும் மேலோட்டமாகப் பொருத்துவது சுலபம். பக்கம் முடிவோடும் ஏது தரவோடும் சேரும். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்ற உடனிகழ்ச்சி விதியோடு சேரும். இதோடு நிறுத்திக்கொள்ளும் ஒப்பீடுகளை நான் படித்திருக்கிறேன். உண்மையான வேறுபாடு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. விதிக்கு எது முட்டுக்கொடுக்கிறது என்று கேட்டால் அடிகள் எப்போதும் ஒரு கண்கூடான இடத்தைக் காட்டுவார்: அடுக்களை, குடம், தண்ணீர். கேட்பவர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். டூல்மின் அப்படி ஒரே வகை முட்டைக் கேட்பதில்லை. சட்ட வாதத்துக்குச் சட்டம், உயிரியல் வாதத்துக்கு வகைப்பாடு, இன்னொரு துறைக்கு அந்தத் துறையின் நடைமுறை. முட்டு துறைக்குத் துறை மாறும் என்பது அவருடைய மையக் கருத்து.

ஸ்னோவிடம் இது எப்படித் தெரிகிறது? குடித்தவர் இறந்தார், குடிக்காதவர் பிழைத்தார் என்ற அளவில் அடிகளின் ஏற்பாடு முழுமையாக வேலை செய்கிறது. ஆனால் ஸ்னோவிடம் வேறொரு வகை வாக்கியமும் உண்டு. காலரா முதலில் குடலைத்தான் தாக்குகிறது. ஆகவே நச்சு விழுங்கப்பட்டிருக்க வேண்டும், சுவாசிக்கப்பட்டிருக்க முடியாது என்பது அது. மயக்க மருந்து கொடுப்பதில் கைதேர்ந்தவர் ஸ்னோ. 1853இல் விக்டோரியா அரசியின் பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுத்தவர். வாயுக்கள் உடலில் எப்படிப் பரவும் என்று தொழிலால் அறிந்தவரின் வாக்கியம் அது. சோஹோவின் எந்த வீட்டையும் பற்றி அது பேசவில்லை. தண்ணீர் நோயைக் கடத்தும் என்ற விதியைத் தாங்கிப்பிடிக்கிறது. டூல்மினின் படத்தில் அதற்குத் தனி இடம் தயாராக இருக்கிறது. அடிகளின் ஏற்பாட்டில் அதைத் தனி அனுமானமாகப் பிரித்து, தனிப் பக்கமும் ஏதுவும் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

எதிர்த்தரப்பு செய்ததைப் பார்த்தால் இந்த இடத்தின் அருமை இன்னும் தெளிவாகும். அரசின் பொதுச் சுகாதார வாரியம் அமைத்த அறிவியல் குழு 1855இல் ஸ்னோவின் கருத்தை ஏற்கக் காரணம் இல்லை என்று அறிக்கை தந்தது. தொலைவில் இருந்தவர்களுக்கும் அந்தத் தண்ணீரால் நோய் வந்திருந்தால், தண்ணீரே அந்தப் பகுதியின் காற்றிலிருந்து நச்சை வாங்கியிருக்கலாம் என்று அந்தக் குழு விளக்கம் சொன்னது. இந்த விளக்கத்தில் அவர்கள் தரவை மறுக்கவில்லை. விதியை மட்டும் மாற்றிவிட்டார்கள். உடனே ஹாம்ப்ஸ்டெட் விதவை காற்றுக் கொள்கையின் சாட்சியாகிவிட்டார். சண்டை நடப்பது தரவிலா விதியிலா என்று பிரித்துக்காட்டுவதில் டூல்மினை மிஞ்ச முடியாது.

விதிவிலக்கை நடத்தும் விதத்தில்தான் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். டூல்மினுக்குப் புறனடை வாதத்தின் ஓர் உறுப்பு. அதைச் சொல்வதால் வாதம் கெடாது. சொல்லாமல் விட்டால்தான் குறை. அடிகளுக்கோ விதிவிலக்கு ஒன்று கிடைத்தால் ஏதுவே போலியாகிவிடும். நெருப்பில்லாத ஒரே ஒரு இடத்தில் புகை எழுந்தாலும், முடிவுக்கு அப்பாலும் உலவும் அந்த ஏது அநைகாந்திகம் என்று பெயர் பெற்று வெளியே போய்விடும். அதனால்தான் அந்தக் காதையின் பெரும்பகுதி குற்றங்களின் பட்டியலாக நீள்கிறது. பக்கத்தில் ஒன்பது குற்றம், ஏதுவில் பதினான்கு, திட்டாந்தத்தில் பத்து. காவியமாகப் படிக்க வந்தவர்கள் இந்த இடத்தில் புரட்டிவிடுவார்கள். வாக்கியத்தின் வேலையைக் கற்க வந்தவர்கள் தங்க வேண்டிய இடம் இதுவே.

ஏதுக் குற்றங்களில் அசித்தம் என்ற வகையைப் பாருங்கள். வாதிடும் இருவரில் ஒருவர் ஒப்பாத ஏது ஏதுவாகாது. இருக்கிறதா இல்லையா என்று ஐயமான ஏதுவும் ஆகாது: தூரத்தில் தெரிவது புகையா பனியா என்றே தெரியாதபோது நெருப்பைப் பற்றிப் பேச முடியாது. பக்கக் குற்றங்களில் ஒன்று இன்னும் நுட்பமானது: எதிராளி ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை நிறுவப் புறப்படுவது குற்றம். ஒப்புக்கொள்ளப்பட்ட வாக்கியம் முடிவின் இடத்தில் உட்கார முடியாது. ஐயத்துக்கு உள்ளான வாக்கியம் ஏதுவின் இடத்தில் உட்கார முடியாது. ஒரு பத்தியில் முடிவு எது என்று தடுமாறும் மாணவருக்கு இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியாது. எழுதியவர் எந்த வாக்கியத்தைப் பற்றி வாசகர் சந்தேகப்படுவார் என்று நினைக்கிறாரோ, அதுவே முடிவு. எதைச் சந்தேகப்படமாட்டார் என்று நினைக்கிறாரோ, அது ஏது. சந்தேகப்பட்டு, நிறுவப்பட்டு, பிறகு இன்னொன்றுக்குத் துணையாக நிற்கும் வாக்கியம் இடைமுடிவு. ஸ்னோவிடம் 'வேறு பம்புக்கு அருகில் இறந்த பத்துப் பேரில் எட்டுப் பேரும் இந்தத் தண்ணீரோடு தொடர்புடையவர்கள்' என்பது அப்படிப்பட்டது. மூன்று குழந்தைகளின் பள்ளியும் ஐந்து பேரின் வீட்டு வழக்கமும் அதைத் தாங்குகின்றன. அது பெரிய முடிவைத் தாங்குகிறது.

அந்த 73 பேரில் மிச்சமிருக்கும் 12 பேரையும் ஸ்னோ மறைக்கவில்லை. வீட்டில் எல்லோரும் இறந்தோ ஊரைவிட்டுப் போயோ விட்டதால் 6 பேரைப் பற்றித் தகவல் கிடைக்கவில்லை. இன்னும் 6 பேர் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை என்றே சொல்லப்பட்டது. முதல் ஆறு பேர், அடிகளின் கணக்கில், புகையா பனியா என்ற ஐயத்தில் நிற்பவர்கள். இரண்டாவது ஆறு பேரிடம் ஏதுவே இல்லை. கறாரான அளவையில் இது வாதத்துக்கு அடி. டூல்மினிடம் போனால், முடிவின் உறுதியைச் சற்றுக் குறைத்துச் சொல்லிவிட்டு மேலே நடக்கலாம். மருத்துவம், வரலாறு, வழக்கு என்று நம் வாழ்க்கையில் வரும் பெரும்பாலான வாதங்களுக்கு டூல்மினின் இந்தத் தாராளம் தேவை. ஆனால் 'அநேகமாக' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் சோம்பேறி வாதங்களை நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கும்போது, காஞ்சியின் கறார்த்தனத்தின் பக்கமே என் மனம் சாய்கிறது.

இரண்டிலும் ஒரு பொதுக் குறை இருக்கிறது. எதிராளியின் கருத்தை எடுத்துச் சொல்லும் வாக்கியத்துக்கு இரண்டு ஏற்பாட்டிலும் நேரான உறுப்பு இல்லை. கெட்ட காற்றால் காலரா வருகிறது என்ற வாக்கியத்தை ஸ்னோவின் வாதத்தில் எங்கே வைப்பது? டூல்மினின் புறனடை ஓரளவு இடம் கொடுக்கும். ஆனால் அந்தப் புறனடையை முறியடிக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்குப் படத்தில் இடம் இல்லை. புதிய படம்தான் வரைய வேண்டும். அடிகளிடம் முறியடிப்புக்கு இடம் உண்டு, முறியடிக்கப்படும் கருத்துக்கு இல்லை. இந்த வெற்றிடத்தை நிரப்பக் கூடியவர்கள் நம் இலக்கண ஆசிரியர்களும் உரைகாரர்களும். பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நூலாசிரியர் கொள்ளும் மதம் ஏழு என்கிறார். பிறர் சொன்னதற்கு உடன்படுவது, மறுப்பது, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது, தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துவது, இருவர் மாறுபடும் இடத்தில் ஒருபக்கம் துணிவது என்று போகும் அந்த வரிசை, எல்சாட் வினாத்தாளில் வரும் விடைத் தெரிவுகளைப் போலவே இருக்கிறது. அருணந்தி சிவம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகவே பிரித்துவிட்டார். பிறர் கொள்கையைச் சொல்வதும் மறுப்பதும் ஒரு பாகம், தம் கொள்கை மறு பாகம்.

இலக்கண உரைகாரர் சேனாவரையரின் உரையைப் படித்தவர்களுக்கு வாக்கியத்தின் வேலை கண்ணில் படாமல் போகாது. 'என்பாரும் உளர்' என்று முடிந்தால் அது பிறர் கருத்து. 'அது பொருந்தாது' என்றால் மறுப்பு வருகிறது. 'என்னை?' என்று கேட்டால் அடுத்து வருவது ஏது. அது 'ஆகலின்' என்று முடியும். 'என்க' என்றால் துணிபு. கேட்பவரின் கேள்வியையே உரைக்குள் எழுதிவிடுகிறார்கள். தமிழில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏது பெரும்பாலும் தனி வாக்கியமாக வருவதில்லை. 'உடைமையால்', 'இருப்பதால்' என்று முற்றுவினைக்கு முன்னால் எச்சமாக ஒட்டிக்கொண்டு வருகிறது. அறவண அடிகளின் ஏதுவும் அப்படி ஒரு சொற்றொடர்தான். ஆகவே தமிழ்ப் பத்தியில் முற்றுப்புள்ளிகளை எண்ணி உறுப்புகளைத் தேடினால் பாதி ஏதுக்கள் தப்பிவிடும். ஆங்கில வினாக்களை அப்படியே பெயர்த்துப் பயிற்சி கொடுக்கும் வழிகாட்டிகளில் இந்த எச்சரிக்கையை நான் பார்த்ததில்லை.

மாணவர் எதை முதலில் கற்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், காரணம் தேடும் வாதங்களுக்கு அறவண அடிகளையும், விதியைப் பொருத்தும் வாதங்களுக்கு டூல்மினையும் சொல்வேன். ஏன் நடந்தது என்று கேட்கும் பத்தியில் ஒத்த இடத்தையும் ஒவ்வா இடத்தையும் தேட வேண்டும். செல்லுமா, உரிமை உண்டா என்று கேட்கும் பத்தியில் விதியையும் புறனடையையும் தேட வேண்டும். கிளாட் தேர்வின் பத்திகளில் பல இரண்டாவது வகை.

ஸ்னோவின் நூலில் இன்னொரு வாக்கியம் மிச்சம் இருக்கிறது. 1854 செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதனால்தான் கொள்ளைநோய் நின்றது என்று பிற்காலத்தில் பலரும் எழுதினார்கள். ஸ்னோ அப்படிச் சொல்லவில்லை. மக்கள் ஏற்கெனவே அந்தப் பகுதியை விட்டு ஓடிவிட்டார்கள், கைப்பிடியைக் கழற்றும் முன்பே நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது, அந்த நேரத்தில் கிணற்று நீரில் நச்சு இருந்ததா இல்லையா என்று தீர்மானிக்க முடியாது என்று அவரே எழுதினார். இந்த வாக்கியத்தைத் தேர்வில் கொடுத்தால், ஸ்னோவின் முடிவைப் பலவீனப்படுத்துவது என்று பலர் குறிப்பார்கள். 'கைப்பிடியைக் கழற்றியதால் நோய் நின்றது' என்பது முடிவாக இருந்தால் அது சரியான விடை. 'தண்ணீரால் நோய் வந்தது' என்பது முடிவாக இருந்தால், அதே வாக்கியம் அந்த முடிவைத் தொடவே இல்லை.